மச்சாள் நானாகப் போன திங்கட்கிழமை

ஒன்பது வயதில் நான் நடித்த தொலைக்காட்சித் தொடரில் எல்லோருக்கும் பிடித்த காட்சி எது என்று கேட்டால், நான் நடிக்காத காட்சியைத்தான் சொல்வார்கள். விடியற்காலைக் கடற்கரை. மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமி, முதுகில் ஒற்றைப் பின்னல் ஆட, ஒரு நாயோடு தண்ணீரை நோக்கி நடந்து போகிறாள். முகம் தெரியாது. தொடர் வந்த காலத்தில் பஸ் தரிப்புகளில் ஒட்டியிருந்த விளம்பரமும் அதுதான். நார்த்மீட்டில் எங்கள் தெருமுனைத் தரிப்பில் அதைக் கண்டவர்கள் நேரே வீட்டுக்கு வந்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த விளம்பரத்தில் நாய் தலையை இடப்பக்கம் திருப்பி, படத்துக்கு வெளியே எதையோ பார்த்தபடி நடக்கும். பத்திரிகையில் ஒருவர் அதைப்பற்றியே அரைப் பக்கம் எழுதியிருந்தார். அந்தச் சிறுமி இழந்துவிட்ட தேசத்தை நாய் பார்க்கிறதாம். உண்மையில் அது என்னைத்தான் பார்த்தது. நான் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மொட்டைத் தலையோடு, கொஞ்சத் தூரத்தில் ஒரு பாறையின்மேல் குந்தியிருந்தேன்.

நான் நடிக்கப் போனதே ஒரு தற்செயல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் வந்தார்கள். ஒன்பது பத்து வயதில், நீளமான தலைமுடியுள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றார்கள். படகு கவிழ்ந்து ஒரு சிறு கடற்கரையூரில் ஒதுங்கும் சிறுமி, அவளை வைத்துப் பார்க்கும் ஒரு கிழவர், அவருடைய நாய். இதுதான் கதை. அந்தச் சிறுமிக்குக் கதையில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எந்த நாட்டுக்காரி என்று மட்டும் கடைசிவரை வைக்கவில்லை. என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அதைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்தாள். மற்றப் பிள்ளைகளைத் திருக்குறள் சொல்ல விட்டுவிட்டு என்னை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

முன்பு நடித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார் அம்மா. மெல்பேணில் இருக்கும் மாமா, அம்மாவின் அண்ணன், இதைக் கேள்விப்பட்டுப் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன நடிக்கேல்லை எண்டு சொன்னனீ? அஞ்சு வயசிலயே நடிச்சவளல்லோ அவள்."

அது எங்கள் வீட்டுப் பழைய கதை. ஊரைவிட்டு வரும்போது எனக்கு ஐந்து வயது. வழியில் ஏதோ ஒரு நகரத்தில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், அம்மா எனக்கு வேறொரு பெயரைப் பாடமாக்கினார். நான் வந்த பாஸ்போர்ட் வேறு யாரோ ஒரு பிள்ளையினுடையது. விமான நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் குனிந்து என் பெயரைக் கேட்டபோது, நான் சிரித்துக்கொண்டு அந்தப் பெயரைக் கணீரென்று சொன்னேனாம். இந்தக் கதையை மாமா கலியாண வீடுகளில்கூடச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் பெருமையோடு சிரிப்பேன். அம்மா மட்டும் தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போய்விடுவார்.

படப்பிடிப்பு மெல்பேணுக்கு அப்பால் ஒரு கடற்கரையில் நடந்தது. அப்பா செவன் ஹில்ஸில் பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் மாமா வீட்டில் போய் இருந்தோம். மாமா வீட்டில் மாமி இருந்தார், அவர்களின் ஒரே மகள் என் மச்சாள் இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். உயரமும் நிறமும் என்னைப் போலவேதான். முடியும் ஏறக்குறைய அவ்வளவு நீளம். முகம் மட்டும் வேறு. அவளுக்கு வட்ட முகம், பெரிய நெற்றி. எனக்குக் கூர்மையான நாடி, அதில் ஒரு தழும்பு. தெரிந்தவர்கள் ஒருவரும் எங்களை மாறிக் கூப்பிட்டதில்லை. நான் நடிக்கப் போகும் ஒவ்வொரு காலையும் அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தபடி போவாள். எனக்கு அதில் ஒரு சந்தோசம் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

இயக்குநர் உயரமான ஒரு பெண். என்னை எப்போதும் ‘மை லிட்டில் ஸ்டார்’ என்றுதான் கூப்பிடுவார். என் முடியை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்து, இந்த முடிதான் இந்தக் கதையின் பாதி என்பார். முதல் கிழமையில் ஒருநாள், கடலைப் பார்த்து உன் மொழியில் ஏதாவது சொல் என்றார். செருப்புக்குள்ளே மண் போயிட்டுது, கால் நோகுது என்றேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பிறகு தொடரில் அந்த இடத்தில், ‘அம்மா, நீ எங்கே போனாய்?’ என்று கீழே எழுத்து ஓடியது. நாடு முழுக்க அழுததாம். எங்கள் ஆட்கள் மட்டும் சிரித்தார்கள்.

நாயின் பெயர் டஸ்டி. அதைப் பழக்கியவர் அதிகம் பேசாத ஒரு வயதானவர். நாய் உன்னை நம்பினால்தான் உன்னோடு நடக்கும் என்று சொல்லி, என் இடது சட்டைப்பையில் தினமும் ஒரு சீஸ் துண்டு வைப்பார். சில நாட்களில் சீஸ் இல்லாவிட்டாலும் அது என்னிடம் வந்தது. காட்சிகளுக்கு நடுவே என் மடியில் தலையை வைத்து உறங்கியது. அந்தக் கூட்டத்தில் எனக்கு மெய்யாகவே சிநேகிதம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

இனி அம்மாவின் நேர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வந்து நாலு வருடமாகியும் விசா நிரந்தரமாகவில்லை. எங்கள் வீட்டில் சோறு என்ற சொல்லைவிட விசா என்ற சொல்தான் கூடப் புழங்கியது. நடிப்புப் பேச்சே வராத முந்திய வருடம், மாமா வீட்டுக்கு வந்திருந்த சமயம், கேரம் டவுன்ஸ் கோயிலில் முருகன் சந்நிதியில் நின்று அம்மா நேர்ந்துவிட்டார். விசா கிடைத்தால் பிள்ளையின் முடியை இறக்குவேன் என்று. முருகனுக்கு நேர்ந்த அதே முடியை வைத்துப் பிறகு தொலைக்காட்சிக்காரரிடமும் கையெழுத்துப் போட்டாயிற்று. எழுத்தில் விடை கொடுக்கும்வரை பிள்ளையின் முடியை வெட்டக்கூடாது, சாயம் பூசக்கூடாது, மீறினால் நட்டத்துக்குப் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வாசித்துச் சொன்னவர் மாமாதான். ஒரே தலைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதை அம்மா யோசித்திருப்பார். விசா இப்போதைக்கு வராது என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பின்னேரம் என் கடைசிக் காட்சி எடுத்து முடிந்ததும் எல்லோரும் சுற்றி நின்று கை தட்டினார்கள். பூங்கொத்துத் தந்தார்கள், கேக் வெட்டினார்கள். ஒரு நடிகரின் பகுதி முடிந்தால் அப்படிச் செய்வது அவர்களின் வழக்கம். இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கண்ணீரோடு விடை கொடுத்துவிட்டார்களே, இனி என்ன எழுத்து வேண்டும் என்று அம்மா எண்ணிவிட்டார். எங்கள் ஊரில் பூவும் கொடுத்துக் கையும் தட்டினால் கூட்டம் முடிந்தது என்றுதான் அர்த்தம். அன்று மாலையே அப்பா போன் எடுத்தார். வக்கீல் கூப்பிட்டிருக்கிறார், விசா கிடைத்துவிட்டது, கடிதம் அடுத்த கிழமை கைக்கு வரும். அம்மா குசினி நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டும் ஒரே நாளில் நடந்ததை அம்மா முருகன் போட்ட கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். நேர்த்தியைத் தள்ளிப்போட்டால் கொடுத்ததை அவர் திருப்பி எடுத்துவிடுவார் என்ற பயம் வேறு. ஒப்பந்தத்தைப் பற்றி மாமி ஒரு வார்த்தை கேட்டார். மாமா கையை வீசினார்.

"எல்லாம் முடிஞ்சுது. இனி அவளின்ர தலை அவளின்ர தலை."

சனிக்கிழமை காலை மாமா தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து கராஜில் கதிரை போட்டு எனக்கு மொட்டை அடிப்பித்தார். சந்தனம் பூசிக் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். முடியைச் சாமி முன் வைத்து எடுத்து, திரும்புகிற வழியில் கடலில் விட்டோம். எனக்குக் கவலையாக இருக்கவில்லை. தலையில் காற்றுப் படுவது கூச்சமாகவும் சுகமாகவும் இருந்தது. மச்சாள் என் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் வந்தது. ஆங்கிலத்தில் யாராவது பேசினால் போனை மாமாவிடம் கொடுப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ‘நோ ப்ராப்ளம்’ என்றார். இன்னும் இரண்டு தரம் ‘நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்’ என்றார். போனை வைத்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை எடுத்த கடற்கரைக் காட்சி பழுதாகிவிட்டதாம். நாளை விடிய மறுபடி எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை, பிள்ளையின் பின்பக்கம் மட்டும்தான், முகமே தேவையில்லை, பின்னலும் நாயும் இருந்தால் போதும்.

நான் என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லுவம். அவையளும் மனிசர்தானே. சாமிக்குக் குடுத்ததெண்டால் விளங்காதே?" என்றார் மாமி.

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "கடிதம் இன்னும் கையில வரேல்லை. இப்ப ஒரு வழக்கு எண்டு வந்தால் முதலில இருந்து எல்லாத்தையும் கிண்டுவினம். ஆர் வந்தது, என்ன பேரில வந்தது..." வசனத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். கார் ஓட்டிப் பிடிபட்டவனின் விசா போனது, கடையில் சண்டை போட்டவனின் விசா போனது என்று அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே ஓயாத கதை. அதில் எது மெய், எது பொய் என்று யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் எல்லோருக்கும் மெய்யாக இருந்தது.

பொய்முடி வாங்கலாம் என்றால் ஞாயிறு மாலை கடையெல்லாம் பூட்டியாயிற்று. கடலில் விட்டதை முருகன்தான் எடுத்துத் தர வேண்டும். மாமா முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடந்தார். நடந்தவர் சாப்பாட்டு மேசையருகே நின்றார். அங்கே மச்சாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதிரைக்குப் பின்னால் அவளுடைய பின்னல் நேராகத் தொங்கியது. ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய கண்ணும் அதில் போய் விழுந்தது.

"உங்களுக்கென்ன விசரே? ஆறு கிழமையாப் பிள்ளையோட நிண்டவையள். கண்டுபிடிக்க மாட்டினமே?" என்று மாமி கேட்டார்.

"அவையளுக்கு எங்கட பிள்ளையள் எல்லாம் ஒண்டுதான்" என்றார் மாமா. மாமா அதைச் சொன்ன விதத்தில் வெற்றி இருந்தது. கடையில், பஸ்ஸில், வேலையில் எத்தனை தரம் தன்னை வேறு யாரோ என்று நினைத்துக் கதைத்திருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லாத குறை. அந்த எரிச்சலையெல்லாம் ஒரு நாளாவது காசாக்க வழி கிடைத்துவிட்ட மாதிரி அவர் முகம் தெளிந்தது. இடியப்பத்தை விழுங்கிவிட்டு மச்சாள் திரும்பினாள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாம் விளங்கிவிட்டது. நான் அப்போதுதான் அழத் தொடங்கினேன். என் நாய், என் சட்டை, என் கடல் என்று அழுதேன். வீடே விசாவுக்காகப் பயந்துகொண்டிருக்க, நான் என் பாத்திரம் பறிபோகிறதே என்று அழுதேன்.

அன்று அப்பா இரண்டு தரம் போன் எடுத்தார். தொழிற்சாலையில் எல்லோருக்கும் லட்டுக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அம்மா, "ஓம், ஓம், இங்க எல்லாம் சுகம்" என்றார்.

திங்கள் விடியுமுன் மாமி மச்சாளுக்கு என்னுடைய வகிடு எடுத்து, என்னைப் போலவே பின்னிவிட்டார். தான் வரப்போவதில்லை என்றார், வாசலுக்கும் வரவில்லை. என் மொட்டையைக் கம்பளித் தொப்பியால் மறைத்து என்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டியிருந்தது. எந்தப் பாதையால் போவது, யாருக்கு என்ன பெயர், யார் கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். வழி முழுக்க நான் மச்சாளுக்குப் பாடம் எடுத்தேன். மாமா கார் ஓட்ட, முன் சீற்றில் இருந்த அம்மா திரும்பி எங்களைப் பார்த்தார்.

"உன்ர பேர் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

மச்சாளின் பெயரைச் சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லு. யோசியாமல் சொல்லோணும்."

சொன்னேன். மூன்றாம் தரம் கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கேட்ட விதத்தை முன்பு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை.

கடற்கரையில் குளிர் எலும்பைத் தொட்டது. ஆட்கள் வழமையைவிடக் குறைவு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த பழைய பெண்மணி வேறு வேலைக்குப் போய்விட்டார், அவர் இடத்தில் புதிதாக ஒருத்தி. அது முருகன் செயல் என்று அம்மா மெல்லச் சொன்னார். ஆனால் உடுப்புப் போட்டுத் தலைகட்டும் பெண் அதே ஆள்தான். அவர் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆறு கிழமையாக ஒவ்வொரு காலையும் என் தலையைத் தொட்ட கை அது. மச்சாளின் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். பின்னலை அவிழ்த்தார், சீவினார். அம்மாவின் கை என் கையை நெரித்தது. சீவிக்கொண்டே அந்தப் பெண், இன்றைக்கு முடி மிருதுவாக இருக்கிறதே, வேறு ஷாம்பூவா என்று கேட்டார். மச்சாள் சொல்லிக்கொடுத்தபடி தலையை ஆட்டினாள். மஞ்சள் சட்டையின் கொளுக்கி பூட்ட முடியாமல் இறுகியது. மாமா, "கேக், கேக்" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு ஓர் ஊசியைக் குத்தி அதைச் சமாளித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். நீ யார் என்று கேட்டார். மச்சாளின் பெயரைச் சொன்னேன், கசின் என்றேன். அவர் குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்து, நீயும் அவளைப் போலவே இருக்கிறாய், ஒருநாள் நீயும் நடிக்கலாம் என்று சொல்லி எனக்கு ஒரு இனிப்புத் தந்தார்.

இயக்குநர் வந்தார். நேரே மச்சாளிடம் போய் மண்ணில் முழங்காலிட்டு, அவள் கன்னங்களைப் பிடித்து ‘மை லிட்டில் ஸ்டார்’ என்றார். மச்சாள் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும். எனக்கு விழாது. இயக்குநர் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மாமா எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்த நேரத்தில்தான் நாயை ஏற்றிவந்த வான் வண்டியின் கதவு திறந்து டஸ்டி குதித்தது. மஞ்சள் சட்டையை அது திரும்பியும் பார்க்கவில்லை. மச்சாளைத் தாண்டி, கமராவைத் தாண்டி, மண் பறக்க ஓடிவந்து என்மேல் பாய்ந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். அது என் சட்டைப்பையை மோந்தது, என் முகத்தை நக்கியது, தொப்பியின் நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தது. அம்மா சால்வையோடு ஓடிவருவதற்குள் தொப்பி நாயின் வாயில் இருந்தது. சந்தனத்தின் மஞ்சள் இன்னும் போகாத என் மொட்டைத் தலையை அந்தக் கடற்கரை முழுக்கப் பார்த்தது.

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. அம்மா என்னை மார்போடு அணைத்து, என் தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு நின்றார். அவருடைய நெஞ்சு அடித்த அடி என் காதுக்குள் கேட்டது. எல்லாம் முடிந்தது என்று எனக்கே தெரிந்தது. இயக்குநர் மெல்ல நடந்து எங்களிடம் வந்தார். வந்து, அம்மாவின் தோளில் கையை வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

எவ்வளவு காலமாக என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. கடவுளுக்காக என்பதைத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஃபோர் கோட்" என்றார். "வீ ப்றே."

இயக்குநர் தலையை ஆட்டினார். நானும் பிரார்த்திக்கிறேன் என்றார். அப்போதுதான் மாமாவுக்கு விசயம் புரிந்தது. மொட்டைத் தலையைக் கண்டு அவர்கள் என்னை நோயாளிப் பிள்ளை என்று எண்ணிவிட்டார்கள். மாமா முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "ஷீ இஸ் வெரி ஸ்ட்ரோங்" என்றார். அதன்பிறகு என்னைத் தாங்கிய தாங்கலைச் சொல்லி முடியாது. கம்பளி கொண்டுவந்து போர்த்தார்கள், சூடான சொக்கலேற் பானம் தந்தார்கள். தலைகட்டும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். ஆறு கிழமை நடித்தபோது தராத இயக்குநரின் கதிரையில் என்னை இருத்தினார்கள்.

ஆனால் நாய் மச்சாளோடு நடக்க மாட்டேன் என்றது. இரண்டு அடி வைக்கும், திரும்பி என்னிடம் ஓடிவரும். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்து அவசரப்பட்டார்கள். நாய் பழக்குபவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அம்மாவின் கை திரும்பவும் இறுகியது. ஆனால் அந்த வயதானவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்தச் சின்னவளைக் கொண்டுபோய் அந்தப் பாறையில் இருத்துங்கள், படத்துக்குள் வராது, நாய் அந்தப் பக்கம் நடக்கும் என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தார்கள். ‘அக்‌ஷன்’ என்று சத்தம் போடும் பாக்கியத்தை இயக்குநர் எனக்கே தந்தார், நோயாளிப் பிள்ளையின் ஆசைக்காக. நான் பாறையிலிருந்து கத்தினேன். மச்சாள் நடந்தாள். டஸ்டி அவளுக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்துக்கொண்டே நடந்தது.

முடிந்ததும் எல்லோரும் மச்சாளைக் கட்டிப்பிடித்து, உன்னை வாழ்நாளில் மறக்க மாட்டோம் என்றார்கள். சில நாட்களில் மாமா வீட்டுக்கு ஆளுயரக் கரடிப் பொம்மை ஒன்று வந்தது, விரைவில் சுகம் பெறு என்ற வாழ்த்தோடு. அதில் மச்சாளின் பெயர் இருந்தபடியால் அவளே அதை வைத்துக்கொண்டாள். தன் பிள்ளையின் பெயரில் நோயை எழுதிவிட்டார்களே என்று மாமி கொதித்து, அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். மாமாவோடு ஒரு கிழமை பேசவில்லை.

அன்று காலை திரும்பி வரும் காரில் மாமா ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். "நான் சொன்னன் பாத்தியே, தங்கச்சி. நாய்க்குத் தெரிஞ்சது கூட அவையளுக்குத் தெரியேல்லை." மச்சாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆறு கிழமை என்னைக் கொஞ்சியவர்களில் ஒருவருக்கும் என் முகம் தெரிந்திருக்கவில்லை என்பதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்றுதான் என்னையே கேட்கிறேன். அன்று பிழைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சிதான் கார் முழுக்க இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பயம் இன்னும் போகவில்லையாக்கும் என்று எண்ணி, அவரைத் தேற்றுவதற்காக நான் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அம்மா, நான் வடிவாச் சொன்னனான் என்ன? அந்தப் பேரை ஒருக்காலும் பிழைக்க விடேல்லை. எனக்குப் பயமே வரேல்லை."

அம்மா திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓம் பிள்ளை. உனக்குப் பழக்கம்தானே."

அம்மா என்னைப் பாராட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தத்தைவிட, மொட்டையைவிட, அந்தக் காலையில் அவரை எது நொறுக்கியது என்று எனக்குத் தெரியவில்லை. இனி என் பிள்ளை தன் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்ல வேண்டி வராது என்று நம்பித்தான் அவர் வெள்ளிக்கிழமை குசினி நிலத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அந்த நம்பிக்கை சனியும் ஞாயிறும் மட்டும்தான் இருந்தது.

பின்னேரம் அப்பா போன் எடுத்தார். லட்டுக் கொடுத்த கதையெல்லாம் சொல்லி முடித்து, பிள்ளை என்ன செய்தது என்று கேட்டார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு நினைவிருக்கவில்லை. நான் இன்றைக்கு மச்சாளின் பெயரில் நடித்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, எனக்கு அது பழக்கம் என்று அம்மாவே சொன்னார் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் விட்டுப்போயிற்று என்று நினைத்து, நான் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.